என் மொபெட்டுக்கு ட்ரிப்ஸ் ஏற்றிய கதை

என்னுடைய மொபெட் மேடு ஏறும்போது ஒரு சத்தம் போடும். தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டு மூடி, யாரோ கை ஓயாமல் ஆட்டுவது போல இருக்கும். சமதரையில் வராது. வெறும் வண்டியாகப் போனாலும் வராது. பின்னால் பண்டல் கட்டிக்கொண்டு மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால்தான் வரும். கிலுகிலுகிலு என்று ஆரம்பித்து மேடு முடிகிற வரை நிற்காது.

என் வேலையே பண்டல் எடுப்பதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே வெட்டிய துணியைக் கட்டி, பல்லடம் ரோட்டில் இருக்கும் ஒரு பவர் டேபிளுக்குக் கொண்டுபோவேன். பவர் டேபிள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்டு, தையல் மிஷின்களை வரிசையாக வைத்து, கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறார். தைத்து முடித்ததை நான் திரும்பக் கம்பெனிக்கு எடுத்து வருவேன். வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. அது போக, கம்பெனியே ஒரு மேட்டின் மேல்தான் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பினால் ஒரு வேப்ப மரம், அங்கிருந்து கேட் வரைக்கும் நல்ல ஏற்றம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் பேர் வாசிக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் எனக்குப் பல நாள் ஆப்சென்ட். படிப்பு நின்றதும் நிம்மதிதான். ஆனால் வேலைக்கு வந்த இடத்திலும் கேட் இருந்தது, அதற்கு உள்ளே வாட்ச்மேன் இருந்தார். தகரம் அடித்த பெரிய கேட். வெளியே நின்று யாராவது கூப்பிட்டால்தான் அவர் தன் ரூமிலிருந்து எழுந்து வருவார்.

ஹாரன் அடிக்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்கு ஹாரன் அடிப்பதும் கூப்பிடுவதும் ஒன்றுதான். முன்னால் நிற்கிற மனிதரின் முதுகில் விரலை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று முறை அடித்திருப்பேன். அதுவும் தெரியாமல் கை பட்டு.

எனக்குப் பதிலாக அந்தச் சத்தம்தான் கூப்பிட்டது. வேப்ப மரத்தைத் தாண்டியதும் கிலுகிலு ஆரம்பிக்கும். நான் போய்ச் சேருவதற்குள் கேட் திறந்திருக்கும். வாட்ச்மேன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தலையை ஆட்டுவார். நானும் தலையை ஆட்டுவேன். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. எங்களுக்குள் நல்ல பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். கோயமுத்தூர்க்காரர், நல்ல கனத்த உடம்பு, எதையும் மெதுவாகச் சொல்லுவார். ஒரு நாள் மேம்பாலத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய கார் என் பின்னால் மாட்டிக்கொண்டது. பாலம் முடிகிற வரை அவர் என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கம்பெனிக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குது? பிஸ்டனா, சில்லறைக் காசா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“எக்ஸ்போர்ட் சரக்குங்க. சின்னக் கொழந்தைக போடற சட்டை. உங்க இன்ஜின் பாலத்து மேல வெடிச்சு ஆயில் தெறிச்சுதுன்னா வெள்ளைச் சட்டை எல்லாம் புள்ளிச் சட்டை ஆயிரும். ஆயுத பூஜைக்குள்ள அந்தச் சத்தத்தை நிறுத்துங்க. இல்லீன்னா வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். பேட்டரி லோடு ஆட்டோக்காரர் ஒருத்தரு தெனமும் போன் பண்றாருங்க. அதுல சத்தமே வராதாம்.”

வெளியே வந்து வண்டியைப் பார்த்தேன். இந்த வேலை போனால் வேறு வேலை தேட வேண்டும். தேடுவது என்றால் ஒவ்வொரு கேட்டாக நின்று கூப்பிட வேண்டும். 

மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் என்னைவிட வயதில் சிறியவர். பழக்கத்தால் நான் சொல்லாமலே புரிந்துகொள்வார். பண்டலோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“நாக்கிங் அடிக்குதுங்கண்ணா.”

அப்படி என்றால் என்ன என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். அவரே சொன்னார்.

“உங்க கம்பெனில சாயங்காலம் பெல் அடிச்சா எப்படிங்க? கேட்டுப் பக்கத்துல இருக்கறவங்க மொதல்ல எந்திரிப்பாங்க, அப்பறம் அடுத்த லைனு, அப்படியே வரிசையா வெளிய வருவாங்க. இன்ஜினும் அப்படித்தானுங்க. பிளக்குல பொறி வந்தா தீ அங்கிருந்து வரிசையா பரவோணும். உங்க வண்டில சூடு தாங்காம, கடைசி மூலைல இருக்கற பெட்ரோலு தீ வர்றதுக்கு முன்னாடியே தானா எந்திரிச்சு ஓடி வருது. ரெண்டு கூட்டமும் கேட்டுல முட்டிக்குது. அந்தச் சத்தந்தானுங்க இது.”

நன்றாகப் புரிந்தது. பண்டிகைக்கு முதல் நாள் கம்பெனி கேட்டில் அப்படி முட்டிக்கொண்டு என் செருப்பு ஒன்று காணாமல் போயிருக்கிறது.

மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினார். சத்தம் போகவில்லை. ஹெட்டுக்கு அடியில் ஒரு பேக்கிங் தகட்டுக்குப் பதிலாக இரண்டு போட்டார். அழுத்தம் குறைந்தால் தீ அவசரப்படாது என்றார். சத்தம் பாதியானது. இழுவையும் பாதியானது. மேம்பாலத்தில் சைக்கிளில் இட்லி விற்கிறவர் என்னைத் தாண்டிப் போனார். போகும்போது, “வர்றீங்களா, ஒரு கை பிடிச்சுக்கறீங்களா?” என்றும் கேட்டார். மறுபடி ஒரு பேக்கிங்கை எடுத்துவிட்டு, பொறி கொஞ்சம் தாமதமாக வருகிற மாதிரி டைமிங்கைத் தள்ளி வைத்தார். சத்தம் நின்றது. ஆனால் அந்தச் சூடு முழுவதும் சைலன்சருக்குப் போய்விட்டது. பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்த பனியன் வேஸ்ட் துணி மூட்டை தீய்ந்து, பாலத்தின் மேல் நான் புகையோடு போனேன். எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது.

இதற்குள் என் மனைவி சேவூரில் இருக்கும் அவளுடைய அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மச்சான் எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றி நடந்தார்.

“மாப்ள, பெட்ரோல்ல வீரியம் பத்தலீங்க. அந்துருண்டை போட்டுப் பாருங்க.”

பீரோவில் துணிக்கு நடுவே போடுகிற அதே அந்துருண்டை. டேங்கில் போட்டால் பெட்ரோல் தானாகப் பற்றாது, பொறிக்குக் காத்திருக்கும் என்றார். அவருடைய டீசல் டிராக்டருக்கு எப்போதாவது போட்டிருக்கிறாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்து அவரே டேங்கில் போட்டார். கூடவே, தெய்வத்துக்கும் ஆச்சு வண்டிக்கும் ஆச்சு என்று கொஞ்சம் சூடமும் பொடித்துப் போட்டார்.

சத்தம் குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசம் வந்தது. நான் போகிற வழியெல்லாம் யாரோ பழைய பீரோவைத் திறந்துவைத்துப் பூஜை செய்கிற மாதிரி இருந்தது. பண்டல் துணி அந்த வாசத்தை நன்றாக வாங்கிக்கொண்டது. கம்பெனியில் செக்கிங் செய்கிற பெண்கள் குழந்தைச் சட்டைகளை மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கெமிக்கல் வாசம் என்றால் பயம். சரக்கையே திருப்பிவிடுவார்கள். மேனேஜர் ஓடி வந்து அவரும் முகர்ந்தார். சாயம் போட்ட இடமா, அட்டைப் பெட்டியா, பெண்கள் தலையில் வைத்த பூவா என்று ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்தவர் கடைசியில் வெளியே வந்து என் வண்டி முன்னால் நின்றார். குனிந்து டேங்க் மூடியை முகர்ந்தார்.

“ஏனுங்க, இதுல பெட்ரோல் போட்டிருக்கீங்களா, பட்டுச்சீலை வெச்சிருக்கீங்களா?”

சட்டைகளை இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். எனக்கு ஆயுத பூஜைக் கெடு மட்டும் மாறவில்லை.

டேங்கைக் கழுவிவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பண்டலைப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலம் வந்த பிறகுதான் கவனித்தேன், சத்தம் இல்லை. முழு லோடு. ஆக்சிலேட்டர் முழுக்கத் திருகியிருந்தது. ஆனாலும் சத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால் மழை நாளில் எப்போதுமே அது வந்ததில்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அது பெரிய பேச்சு.

“மழைல வர்றதில்லீங்க.”

“ஈரக்காத்து போனா உள்ள குளுந்துக்குமுங்க. அதுக்காக தெனமும் மழைக்கு எங்க போறது?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தினேன். உள்ளே குளுக்கோஸ் பாட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு பாட்டில், ஒரு டியூப், சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன உருளை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்று கடைக்காரர் என் கையைப் பார்த்தார். ஊசி வேண்டாம் என்று சைகையில் சொன்னதும் கொஞ்சம் இளகினார்.

“யாருக்குங்க?”

“வண்டிக்குங்க.”

“வண்டில கூட்டிட்டுப் போறப்ப பாட்டிலை ஒசத்திப் பிடிக்கச் சொல்லுங்க. தாழ்ந்தா ரத்தம் திரும்பும்” என்று பாட்டிலைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷெட்டில் மாட்டினோம். பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டுக் குடிக்கிற தண்ணீரை ஊற்றினோம். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை நிமிர்த்திக் கட்டி, அதில் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். டியூப் என் இடது கை ஓரமாக இறங்கி, சீட்டுக்கு அடியில் போய், கார்புரேட்டர் காற்று இழுக்கிற வாயில் முடிந்தது. இன்ஜின் காற்றோடு சேர்த்து ஒவ்வொரு சொட்டாக இழுத்துக்கொள்ளும். டியூப் காற்றில் ஆடியதால் ஒரு துண்டு பனியன் துணியால் அதை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். சொட்டு அதிகமானால் இன்ஜின் இருமியது. குறைந்தால் கிலுகிலுத்தது. நடுவில் ஒரு இடத்தில் வைத்ததும் மெக்கானிக் என்னைப் பார்த்தார். எதிர் மேட்டில் இரண்டு மூட்டை மணலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஏறி இறங்கினேன். சந்தோஷத்தில் உருளையை மூடாமல் டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தால் பாட்டில் தண்ணீர் முழுவதும் இன்ஜினுக்குள் இறங்கியிருந்தது. வண்டியைப் படுக்கப்போட்டு வடித்தோம்.

திங்கட்கிழமை. ஆயுத பூஜைக்கு முதல் நாள். அன்று கம்பெனியில் ஆடிட் என்று எனக்குத் தெரியும். கணக்குப் பார்க்கிற ஆடிட் இல்லை. வேலை செய்கிறவர்களைக் கம்பெனி நன்றாக வைத்திருக்கிறதா என்று வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆள் வந்து பார்க்கிற ஆடிட். அதில் பெயிலானால் ஆர்டர் போய்விடும். அதனால் ஒரு வாரமாக எல்லோருக்கும் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாய்லெட் சுத்தமா, சுத்தமுங்க. ஓவர் டைம் உண்டா, இல்லீங்க. சந்தோஷமா இருக்கீங்களா, இருக்கறமுங்க. நான் வெளியே சுற்றுகிறவன் என்பதால் எனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காலையில் பவர் டேபிளுக்குப் போனதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா? ட்ரிப்ஸோட வந்திருக்கீங்க?”

“வண்டிக்குங்க.”

அக்கா டியூப் போகிற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மிஷின்காரப் பெண்களை எல்லாம் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்து முடித்துப் பண்டலைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பெண், “ராத்திரிக்கு வண்டிக்கு ரசஞ்சோறு குடுங்கண்ணா” என்றாள்.

ரோட்டில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பல்லடம் பஸ்கள் யாருக்கும் வழி விடாது. அன்று ஒரு டிரைவர் எனக்காக பஸ்ஸையே ஓரம் கட்டினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “போங்க சாமி, மெதுவா போங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். சிக்னலில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி என்னை மட்டும் விட்டார். பைக்கில் பக்கத்தில் வந்த ஒரு பெரியம்மா, “காச்சலோட பண்டல் தூக்கறயே கண்ணு, உன்ற மொதலாளி மனுசனா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். எனக்குக் காது வரை சூடானது. ஆனால் மேம்பாலத்தில் ஏறியபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் காற்றுதான். வேலை நிலைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வேப்ப மரத்தில் திரும்பினேன். சத்தமில்லாமல் மேடு ஏறினேன். சத்தமில்லாமல் கேட் முன்னால் நின்றேன். கேட் மூடியிருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உள்ளே வாட்ச்மேன் இருக்கிறார். சத்தம் வரவில்லை என்றால் நான் வரவில்லை. கூப்பிட வேண்டும். ‘வாட்ச்மேன்’ என்பதா, ‘அண்ணாச்சி’ என்பதா? இத்தனை வருஷத்தில் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்டைத் தட்டக் கையைத் தூக்கினேன். ஆடிட் நாளில் தட்டுவது தப்பாகிவிடுமோ என்று இறக்கினேன். வெயில் ஏறியது. வேர்த்து ஊற்றியது. யாராவது வெளியே வருவார்கள் என்று பாட்டிலுக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தேன்.

பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. கேட் உடனே திறந்தது. உள்ளே மேனேஜர் கையில் பூங்கொத்தோடு நின்றார். காரிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு அம்மா இறங்கினார். பூங்கொத்தை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். தொங்குகிற பாட்டில், மணிக்கட்டில் கட்டிய டியூப், வேர்வை, பின்னால் என் தலைக்கு மேல் உயரமாகப் பண்டல்.

“இவரை இந்த நிலைமையில லோடு எடுக்க வெச்சிருக்கீங்களா?”

மேனேஜர் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார். கம்பெனியில் முதலுதவிக்கு என்று ஒரு நர்ஸ் உண்டு. ஆடிட்டுக்காக அன்று வெள்ளை உடுப்பு போட்டிருந்தார். ஓடி வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நல்ல வேகத்தில் அடித்திருக்க வேண்டும். பிறகு ஊசியைத் தேடினார். மணிக்கட்டில் இல்லை. விரலால் டியூபைத் தடவிக்கொண்டே போனார். சீட்டைத் தாண்டி, குனிந்து, கார்புரேட்டரில் போய் நின்றார்.

“மேடம், இது வண்டிக்குள்ள போகுதுங்க.”

ஆடிட் அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. “நான் வர்றதைப் பார்த்துட்டுக் கையில இருந்து பிடுங்கி வண்டியில சொருகினீங்களா?”

“அய்யோ மேடம், அவுரு நல்லா இருக்கறாரு” என்றார் மேனேஜர். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “சொல்லுங்க, சந்தோஷமா இருக்கறேன்னு சொல்லுங்க.”

“நீங்க தள்ளிப் போய் நில்லுங்க சார். நான் இவர்கிட்டத் தனியா பேசணும்.”

மேனேஜர் பூங்கொத்தோடு வேப்ப மரத்துக்குப் போனார். அந்த அம்மா குரலைத் தணித்து, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார்.

“இது வண்டிக்குங்க” என்றேன். “மேடு ஏறுனா சத்தம் வருமுங்க. தண்ணி சொட்டுனா வராதுங்க.”

“இப்படிச் சொல்லணும்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

எனக்கு மட்டும்தான் யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா நின்றேன். அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

“இவரு முழுசா குணமாகிற வரைக்கும் ஒரு பண்டல் கூட எடுக்கக்கூடாது. சம்பளத்தோட லீவு கொடுங்க. வேற வண்டி ஏற்பாடு பண்ணுங்க.”

மேனேஜர் முகம் மலர்ந்தது. “இன்னைக்கே பண்ணிடறேன் மேடம். பேட்டரி ஆட்டோ ரெடியா இருக்குது.”

எனக்கு நோயே இல்லை. பிறகு எப்படிக் குணமாவது? அந்த லீவுக்கு முடிவே கிடையாது. கண் முன்னால் திருப்பூரின் அத்தனை கேட்டுகளும் வரிசையாக நின்றன. அதைவிட இந்த ஒரு கேட்டே மேல் என்று பட்டது.

“இல்லீங்க” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. செக்கிங் பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். “எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஓட்டிக் காட்டறனுங்க. ரெண்டு தடவை. ஒரு தடவை சொட்டோட, ஒரு தடவை சொட்டு இல்லாம. நீங்க மரத்துக்கிட்ட நின்னு கேளுங்க. வண்டி இப்ப நின்னு ஆறிப்போச்சு, இந்த லோடுக்கு சத்தம் வராதுங்க. இன்னும் கனம் வேணுமுங்க.” மேனேஜரைப் பார்த்தேன். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அவர்தான் கனமாக இருந்தார். “சார், ஏறுங்க.”

மேனேஜர் ஆடிட் அம்மாவைப் பார்த்தார். அவர், “ஏறுங்க” என்றார்.

கீழே வேப்ப மரத்தடியில் வைத்து நர்ஸும் நானும் அவரைப் பண்டல் மேல் ஏற்றினோம். கம்பி ஆடியதால் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கையில் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மெடிக்கல் ஷாப்காரர் சொன்ன மாதிரியே இருந்தது.

“மெதுவா போங்க” என்றார் காதுக்குள். “எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குது.”

முதல் தடவை சொட்டைத் திறந்துவைத்து ஏறினேன். வண்டி முனகியது. ஆனால் கிலுகிலு இல்லை. கார் உள்ளே போனதும் வாட்ச்மேன் மறுபடி கேட்டை மூடியிருந்தார். அதன் முன்னால் போய் நின்றேன். அது திறக்கவில்லை. திரும்பிக் கீழே வந்தேன்.

இரண்டாவது தடவை உருளையை மூடினேன். பாதி மேடு தாண்டியதும் டப்பாவும் கோலிக்குண்டும் ஆரம்பித்தன. மேனேஜருக்குக் கீழே எல்லாம் நடுங்கியது. மேடு முடிவதற்குள் கேட் தானாக அகலத் திறந்தது. நடுவில் வாட்ச்மேன் நின்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிறகுதான் அவர் பண்டல் மேல் யார் என்று பார்த்தார்.

ஆடிட் அம்மா மேடேறி வந்து வாட்ச்மேனைக் கேட்டார். “யார் உங்களைத் திறக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். அண்ணாச்சி சத்தம் வந்துச்சுல்லா.”

“இப்ப கொஞ்சம் முன்னாடியும் இவர் இங்க வந்து நின்னாரே?”

“அப்ப சத்தம் வரலியே. சத்தம் வராம அண்ணாச்சி எப்பிடி வருவாவ?”

அந்த அம்மா கேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பாட்டில் வெளியே தெரிகிற மாதிரி இனித் தொங்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மேனேஜர் இன்னும் பண்டல் மேல்தான் இருந்தார். பாட்டிலையும் இறக்கவில்லை.

“நான் எறங்கலாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் ஆயுத பூஜைக்குக் கம்பெனி வண்டிகளோடு என் மொபெட்டையும் வரிசையில் நிறுத்தினார்கள். சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். நர்ஸ் உருளைக்கும் ஒரு பொட்டு வைத்தார். மேனேஜர் பேட்டரி ஆட்டோ பற்றிப் பேசவில்லை. “பாட்டில் கண்ணுல படக்கூடாது, சத்தம் காதுல விழுகக்கூடாது. அவ்வளவுதானுங்க” என்றார்.

பாட்டிலுக்குப் பதில் ஒரு சின்ன கேனைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டோம். உருளை மட்டும் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் மேனேஜர் சத்தம் கூடாது என்கிறார், இந்தப் பக்கம் வாட்ச்மேன் சத்தம் வந்தால்தான் திறப்பேன் என்கிறார். “நீரு வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா முத்தா உதிந்துரும்?” என்று கேட்டார். ஒரு நாள் முயன்றேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. அன்று மேனேஜரையே ‘ஏறுங்க’ என்று சொன்ன வாய் அதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அதனால் இப்போது மேம்பாலத்தைச் சத்தமில்லாமல் தாண்டுகிறேன். வேப்ப மரத்தில் திரும்பியதும் கட்டை விரலால் உருளையை மூடுகிறேன். கிலுகிலு என்கிறது. கேட் திறக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே உருளையைத் திறந்துவிடுகிறேன். மேனேஜர் ரூமைத் தாண்டும்போது வண்டி பூனை மாதிரி போகிறது.

போன வாரம் மேனேஜர் ஜன்னலிலிருந்து வாட்ச்மேனைக் கேட்டார், ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்ததே என்று.

“அது நம்ம கேட்டோட சத்தம் சார். கிரீஸ் வெக்கணும்” என்றார் வாட்ச்மேன்.

மறுநாளே ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வாட்ச்மேனும் கீலுக்கெல்லாம் அப்பிவைத்தார். கேட் இப்போது துளிச் சத்தமில்லாமல் திறக்கிறது. மீதிக் கிரீஸைக் கொஞ்சம் காகிதத்தில் வழித்து என்னிடம் நீட்டினார்.

“உருளைக்கு வெச்சுக்கிடும் அண்ணாச்சி. தெனமும் திருகுதீரு, தேஞ்சிரப் போவுது.”